அறுபது வோல்ட் பதுக்கல்

ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமையைக் கொடுக்க ஆரம்பித்த 1946-ஆம் வருஷத்தில், மயிலாப்பூர் ஜனங்கள் கபாலீசுவரருக்கு அடுத்தபடியாக வரிசையில் நின்று தரிசித்தது ஹபீபுர் ரஹ்மானின் மாவு மில்லைத்தான். அதுவரை கோதுமையை அல்வாவில் மட்டுமே சந்தித்திருந்த ஊர் அது. முழுக் கோதுமையைக் கையில் கொடுத்ததும் திருதிருவென்று விழித்தது. சிலர் சோறு மாதிரி வடித்துப் பார்த்தார்கள். சிலர் கடித்துப் பார்த்துப் பல்லைப் பறிகொடுத்தார்கள். கடைசியில் எல்லாரும் தகர டின்னைத் தூக்கிக்கொண்டு கச்சேரி ரோட்டுச் சந்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

மில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஏழரைக் குதிரைச் சக்தி மோட்டார் ஒன்று, அரைக்கல் ஒரு ஜோடி, கோதுமையைக் கொட்டத் தகரப் புனல் ஒன்று. முதலாளி, தொழிலாளி, கூட்டிப் பெருக்குகிறவர், திட்டு வாங்குகிறவர் எல்லாம் ஹபீபுர் ரஹ்மான் ஒருவரே. நாற்பத்தைந்து வயதுக்குப் புருவம் நரைத்துவிட்டதே என்று பார்க்கிறவர்கள் பரிதாபப்படுவார்கள். கழுவினால் போய்விடும், மாவுதான்.

மின்சாரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கொஞ்சம். கம்பத்திலிருந்து சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று கம்பிகள் வருகின்றன. அவற்றுக்கு மூன்று பேஸ் என்று பெயர். நாலாவதாக ஒரு கறுப்புக் கம்பி; அது எந்தக் கட்சியிலும் சேராத நடுக்கம்பி. மூன்று பேஸும் இருந்தால் மோட்டார் சுற்றும், ஒன்று போனால் முனகும். இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு அரிசி, கேழ்வரகு, இப்போது கோதுமை என்று பதினோரு வருஷம் நிம்மதியாக அரைத்தார். வேறு தொழில் தெரியாது. அவசியமும் வரவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு காலை, தென்பகுதி மின் விநியோக ஆபீஸின் இன்ஸ்பெக்டர் சுப்பராமன் தோல்பெட்டியில் வோல்ட் மீட்டரோடு வந்தார். வடக்கு மாடவீதிக்காரர். அவர் வீட்டுக் கோதுமையும் இங்கேதான் மாவாகிறது. நல்ல மனுஷர். லஞ்சம் வாங்க மாட்டார், பொய் சொல்ல மாட்டார், முப்பது வருஷ சர்வீஸில் ஒரு கூட்டலில் கூடத் தப்பு செய்ததில்லை. அந்த மூன்றாவது குணம்தான் ஹபீபுர் ரஹ்மானின் தலையில் வந்து விடிந்தது.

சுப்பராமன் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்து அளந்தார்.

"ஓய் பாய், சிவப்புக்கும் நடுக்கம்பிக்கும் இருநூத்து முப்பது. மஞ்சளுக்கும் நடுக்கம்பிக்கும் இருநூத்து முப்பது. பார்த்துண்டீரா?"

"பாத்தேன் சார்."

"அப்போ சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவிலே எவ்வளவு இருக்கணும்?"

"எனக்கு இன்னா சார் தெரியும்?"

"கூட்டும் ஓய்! இருநூத்து முப்பதும் இருநூத்து முப்பதும்?"

"நானூத்து அறுவது."

"முள் என்ன காட்டறது?"

"நானூறு."

சுப்பராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். நானூறுதான். "பாக்கி அறுபது எங்கே?" என்றார்.

ஹபீபுர் ரஹ்மான் தன்னையறியாமல் கீழே பார்த்தார். எதையாவது காணோம் என்றால் மனுஷன் கீழேதானே பார்ப்பான்? ஆனால், 'அறுபது வோல்ட்டைப் பற்றிக் கேட்டவுடன் மில்காரர் தரையைப் பார்த்தார்' என்று ரிப்போர்ட்டில் ஏறிவிட்டது.

அந்தக் காலத்தில் எது குறைந்தாலும் அதற்குப் பதுக்கல் என்றுதான் பெயர். அரிசி குறைந்தால் பதுக்கல், மண்ணெண்ணெய் குறைந்தால் பதுக்கல். சுப்பராமன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சோதனை போட்டார். கோதுமை மூட்டைக்குள் முழங்கை வரை கைவிட்டுத் துழாவினார். பெல்ட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த குடையை விரித்துப் பார்த்தார். வரிசையில் நின்ற மீனாட்சி மாமி, "என்ன தேடறேள்?" என்று கேட்டாள்.

"அறுபது வோல்ட்."

"எங்காத்துலகூட லைட்டு மங்கலாத்தான் எரியறது. கெடைச்சா சொல்லுங்கோ" என்றாள் மாமி.

மூன்றாம் நாள் நோட்டீஸ் வந்தது. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே அறுபது, மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையே அறுபது, நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையே அறுபது, ஆக நூற்றெண்பது வோல்ட் குறைவதால், மேற்படி வோல்ட்டைப் பதினைந்து நாளைக்குள் ஆபீஸில் ஒப்படைத்து ரசீது பெறவும், தவறினால் ஃபியூஸ் பிடுங்கப்படும் என்று கண்டிருந்தது.

ஹபீபுர் ரஹ்மான் நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். ஃபியூஸ் போனால் மில் போயிற்று. மில் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. வீட்டுக்குப் போய் மனைவி அஃப்சருன்னிசாவிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"நூத்தியெம்பது வோல்ட்டு நமக்கு எதுக்குங்க? இருந்தா குடுத்துத் தொலைச்சிடுங்களேன்."

அவருக்கு வந்த கோபத்தில் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார்.

மறுநாள் தியாகராய நகருக்குச் சைக்கிளை மிதித்தார். ஆபீஸ் பனகல் பார்க்குக்கு இரண்டு தெரு தள்ளி, தூங்குமூஞ்சி மரத்தடியில் இருந்தது. உள்ளே குமாஸ்தா தலை நிமிராமல் கேட்டார்.

"காணாமல் போனதா, களவு போனதா, கசிந்து போனதா?"

"மூணும் இல்லே சார். மொதல்லயே இல்லே."

"அதற்குக் கட்டம் இல்லை." குமாஸ்தா சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, நீலத்தில் ஒன்று என மூன்று பாரங்களை நீட்டினார். "ஒரு பேஸுக்கு ஒரு அதிகாரி. ஒவ்வொரு பாரத்திலும் மற்ற இரண்டு அதிகாரிகளும் முதலில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றும் சேர்ந்து வந்தால்தான் பரிசீலனை."

"இங்க கரண்டு தெரிஞ்சவங்க யாராச்சும் கீறாங்களா சார்?"

"ஒரு எஞ்சினீயர் இருந்தார். இதே மாதிரி ஒரு கேஸில், இருநூற்று முப்பதை இரண்டால் பெருக்காதே, ஒன்று புள்ளி ஏழு மூன்று இரண்டு என்று போய்க்கொண்டே இருக்கும் ஓர் எண்ணால் பெருக்கு என்று எழுதிவிட்டார். அந்த எண்ணுக்கு முடிவே இல்லையாம். முடிவில்லாத எண்ணை எழுதினால் ஃபைலை எப்படி மூடுவது? மூன்று வருஷமாக சஸ்பென்ஷனில் இருக்கிறார்."

ஹபீபுர் ரஹ்மான் வராந்தாவில் பெஞ்சியில் உட்கார்ந்தார். எதிரே மூன்று அறைகள், மூன்று நிறத்தில் கதவுகள். காலை பத்து மணிக்குச் சிவப்பு அதிகாரி வந்தார். வந்ததும் பியூன் மீது ஒரு சத்தம், குமாஸ்தா மீது ஒரு சத்தம் என்று கொஞ்சம் கொஞ்சமாக உக்கிரம் ஏறி, பதினொரு மணிக்கு உச்சத்தில் இருந்தார். அதன்பிறகு இறங்க ஆரம்பித்துக் கொட்டாவி விட்டு டிபனுக்குக் கிளம்பினார். அவர் இறங்கும்போது மஞ்சள் அதிகாரி படியேறினார். அவர் உச்சத்துக்கு வந்து ஓய்ந்தபோது நீல அதிகாரியின் ஜட்கா வண்டி வாசலில் நின்றது. நீலம் சூடேறும் நேரத்துக்கு மஞ்சளைக் காணோம். டிபன் முடித்து வந்த சிவப்பு அதிகாரி நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பியூன் கிச்சா பக்கத்தில் வந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டான்.

"இன்னா பாய், மூணு பேரையும் ஒண்ணாப் பாக்கணும்னு குந்திக்கினு கீறியா? இருவது வருசமா நான் பாத்ததில்ல. மூணு பேருமே முழு ஆளுதான். ஒருத்தரு மேல போனா ஒருத்தரு கீழ வருவாரு. மொத்தமா கூட்டிக் கழிச்சுப் பாத்தா இந்த ஆபீஸ்ல எப்பவுமே யாரும் இல்ல."

பத்து நாள் அலைந்தார். காலையில் அவசர அவசரமாக அரைத்துவிட்டு ஓடுவார். பாதி டின்கள் அப்படியே கிடக்கும். ஜனங்கள் முணுமுணுத்தார்கள். சிவப்புப் பாரத்தில் மஞ்சளின் கையெழுத்து வாங்கினால், நீலம் இல்லாமல் மஞ்சள் எப்படிப் போடலாம் என்று நீலம் கிழித்துப் போட்டார். நல்ல கோதுமையை அரைக்க வேண்டிய நேரத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தார் ஹபீபுர் ரஹ்மான். அவருக்கு அழுகையாக வந்தது. அந்த மரத்தை வெட்ட வேண்டும் போலவும் இருந்தது.

பதினோராம் நாள் மில்லுக்கு கிளாடிஸ் வந்தாள். சாந்தோம் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். டின்னை வைத்துவிட்டு, "ஏன் பாய் மூஞ்சி இப்படி இருக்கு?" என்று கேட்டாள். அவர் நோட்டீஸைக் காட்டினார். படித்துவிட்டு அவள் தரையில் சிந்திக் கிடந்த மாவைக் கையால் பரப்பினாள்.

"உங்க மில்லுலேருந்து லஸ்ஸுக்கு முக்கால் மைல், மந்தைவெளிக்கு முக்கால் மைல்னு வெச்சுக்குங்க. லஸ்ஸுக்கும் மந்தைவெளிக்கும் ஒண்ணரை மைலா?"

"அதெப்படி மிஸ்? ரெண்டும் எதிரெதிரா இருந்தாத்தான் ஒண்ணரை. குறுக்கால போனா கம்மி."

"அவ்வளவுதான் விஷயம்."

மாவில் ஒரு புள்ளி வைத்து நடுக்கம்பி என்றாள். அதிலிருந்து மூன்று பக்கமும் சம இடைவெளி விட்டு மூன்று கோடு இழுத்தாள். ஒரு அங்குலத்துக்கு இருபது வோல்ட் கணக்கு. ஒவ்வொரு கோடும் பதினொன்றரை அங்குலம், அதாவது இருநூற்று முப்பது. பிறகு தன் பையிலிருந்த அளவு நாடாவை அவரிடமே கொடுத்து, ஒரு கோட்டு நுனியிலிருந்து இன்னொரு கோட்டு நுனிக்கு அளக்கச் சொன்னாள். ஹபீபுர் ரஹ்மான் முட்டி போட்டு அளந்தார். கிட்டத்தட்ட இருபது அங்குலம். இருபதை இருபதால் பெருக்கினார். நானூறு!

"மூணு கம்பியிலயும் கரண்டு ஏறி இறங்கிட்டே இருக்கும் பாய். ஆனா மூணும் ஒரே நேரத்துல உச்சிக்கு வராது. ஒண்ணு உச்சியில இருக்கறப்போ மத்தது..."

"எறங்கிக்கினு இருக்கும்!" ஹபீபுர் ரஹ்மான் துள்ளி எழுந்தார். "மிஸ், இதைத்தான் பத்து நாளா பாத்துக்கினு கீறேன். அந்த ஆபீஸ்ல மூணு பேரு கீறாங்க. ஒவ்வொருத்தரும் முழு ஆளு. ஆனா ரெண்டு பேரு சேந்தா ரெண்டாளு பலம் வராது. ஒருத்தரு எழுந்திருக்கும்போது இன்னொருத்தரு தூங்கிப்பூடறாரு!"

கிளாடிஸ் சிரித்துவிட்டாள். "எங்க கிளாஸ்ல இருந்தா உங்களுக்கு முதல் மார்க் பாய்."

அன்று சாயங்காலமே ஒரு பலகையில் நாலு ஆணி அடித்து, சிவப்பு, மஞ்சள், நீல நூல் கட்டினார் ஹபீபுர் ரஹ்மான். இதைவிடத் தெளிவாக ஒரு விஷயத்தை ஆண்டவனால்கூடச் சொல்ல முடியாது என்று தோன்றியது. கெடு முடிகிற பதினைந்தாம் நாள் ஆபீஸில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்; பலகையைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனார். அன்று ராத்திரிச் சோறு நிச்சயம் என்ற தைரியத்தில் மனசு லேசாக இருந்தது.

விசாரணை, ஆபீஸ் வழக்கப்படி, தவணை முறையில் நடந்தது. முதல் பங்கைச் சிவப்பு அதிகாரி கேட்டார். அவர் நுனிக்கு நுனி அளக்கும் இடம் வந்ததும் டிபனுக்குப் போனார். மஞ்சள் வந்தார், அவருக்கு ஆணியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அவரும் அளக்கும் இடத்தில் எழுந்துவிட்டார். நீலம் நாடாவைக் கையில் வாங்கினார். பதினொன்றரை வரை அளந்தார். பிறகு நாடாவைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். மூன்று மணிக்குச் சிவப்பு திரும்பி வந்து, மூவர் சார்பிலும் பேசினார்.

"மிஸ்டர் ரஹ்மான், உம்முடைய பலகையை நான் பார்த்தேன். ஆணிகள் உறுதியாக இருக்கின்றன, பாராட்டுகிறேன். ஆனால் இந்த ஆபீஸ் கூட்டலை நம்பி ஏற்பட்ட ஆபீஸ். எனக்கு முன்னால் இருந்தவர் கூட்டினார், நான் கூட்டுகிறேன், எனக்குப் பின்னால் வருகிறவரும் கூட்டுவார். இன்றைக்கு உம்முடைய வோல்ட்டுக்காக முக்கோணத்தை ஒப்புக்கொண்டால், நாளைக்கு எவனாவது வந்து, மூன்று அதிகாரி இருந்தும் ஒரு வேலையும் ஏன் நடக்கவில்லை என்று முக்கோணம் போட்டுக் காட்டுவான். உம்முடைய பலகை சொல்வது உண்மையாக இருக்கலாம். உண்மையை நாங்கள் மறுக்கவே இல்லை. அது எங்கள் பிரிவுக்கு வருவதில்லை, அவ்வளவுதான். தவிரவும், ஒவ்வொரு ஆதாரத்தின் மேலும் ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். ஆணியின் மேல் ஸ்டாம்பு நிற்காது."

"சார், ஒரே ஒரு தபா நுனிக்கு நுனி அளந்து பாருங்க சார். கையெடுத்துக் கும்பிடறேன்."

"அளப்பது சுப்பராமனுடைய வேலை. நான் அளந்தால் அவர் எதற்கு?"

பலகை பறிமுதல் ஆயிற்று. ஆனாலும் ஆபீஸுக்குக் கருணை இருந்தது. குறைகிற வோல்ட்டை மில்காரரால் கொடுக்க முடியாததால் ஆபீஸே கொடுத்துச் சரிக்கட்டும், பேஸுக்குப் பேஸ் நானூற்று அறுபது வரும்வரை மின்சாரத்தை ஏற்றி விடுக என்று உத்தரவாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை சந்துமுனையில் இருந்த டிரான்ஸ்பார்மரில் லைன்மேன்கள் ஏறினார்கள். சுப்பராமன் மில்லில் மீட்டரோடு நின்றார். கல்லில் கோதுமை ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று மோட்டார் ஊளையிட்டது. மில்லில் தொங்கிய பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்து படாரென்று வெடித்தது. எதிர்வீட்டிலும் வெடித்தது. தெரு நெடுகச் சரவெடி கொளுத்திய மாதிரி வரிசையாகச் சத்தம் கேட்டது. ஹபீபுர் ரஹ்மான் பாய்ந்து சுவிட்சை இறக்கிவிட்டு மோட்டாரின் மேல் கை வைத்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி கொதித்தது. நல்ல வேளையாகக் கருகவில்லை.

சுப்பராமனுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. முள் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே சரியாக நானூற்று அறுபது காட்டியது. முகம் மலர்ந்தது. சம்பிரதாயத்துக்காக நடுக்கம்பியிலும் வைத்துப் பார்த்தார். இருநூற்று அறுபத்தைந்து. அடுத்ததும் இருநூற்று அறுபத்தைந்து. உதடு தானாகக் கூட்டியது. முகம் வாடிவிட்டது.

"ஐந்நூத்து முப்பது இருக்கணும் ஓய்! நானூத்து அறுபதுதான் இருக்கு. நேத்திவரைக்கும் அறுபது, இன்னிக்கு எழுபது. ஆபீஸ் கொடுக்கக் கொடுக்க நீர் பதுக்கறீரே, நியாயமா?"

"சார்! எவ்வளவு ஏத்தினாலும் அதே பங்குதான் சார் குறையும்! ஆயிரம் ஏத்தினாலும் குறையும்! கோணம் சார், கோணம்!" ஹபீபுர் ரஹ்மான் தரையில் முட்டி போட்டார். கல்லுக்கு அடியில் சிந்திய மாவைக் காட்டினார், கையால் கோடு இழுத்துக் காட்டினார். சுப்பராமன் தன் நோட்டில் 'மில்காரர் மறுபடியும் தரையைப் பார்த்தார்' என்று எழுதினார்.

அன்று பகலிலேயே டிரான்ஸ்பார்மரைப் பழையபடி இறக்கிவிட்டு, ஹபீபுர் ரஹ்மானின் ஃபியூஸ்களை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். மில் நின்றது. பதினோரு வருஷமாகக் கேட்ட சத்தம் நின்றதும் சந்தில் காக்காய் கத்துவதுகூடக் கேட்டது. மீனாட்சி மாமி அரைபடாத கோதுமையைத் திருப்பி எடுத்துக்கொண்டு, "இதை நான் என்ன பண்ணுவேன் பாய்?" என்று கேட்டாள். கிளாடிஸ் ஆபீஸுக்கு இங்கிலீஷில் நாலு பக்கம் எழுதிப் போட்டாள். அதில் அந்த முடிவில்லாத எண் இருந்ததால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஒன்பது நாள் கழித்துச் சுப்பராமன் வந்தார். ஒரு கையில் வோல்ட் மீட்டர், ஒரு கையில் தகர டின், கக்கத்தில் சுருட்டிய காகிதம். டின்னை வாசலில் வைத்துவிட்டு அளந்தார். சிவப்புக்கும் நடுக்கம்பிக்கும் பூஜ்யம். மஞ்சளுக்குப் பூஜ்யம். நீலத்துக்குப் பூஜ்யம். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே பூஜ்யம். கூட்டினார். இன்னொரு தடவை கூட்டினார். அவருடைய கண் கலங்கிவிட்டது.

"பாய், முப்பது வருஷ சர்வீஸ்லே இப்படி ஒரு மில்லை நான் பார்த்ததில்லை. ஒரு வோல்ட்கூடக் குறையலை!"

காகிதத்தைப் பிரித்துக் கொடுத்தார். மூன்று அதிகாரிகளும் மூன்று மையில், மூன்று தேதியில் கையெழுத்துப் போட்ட நற்சான்றுப் பத்திரம். மேற்படி மில்லில் பதுக்கல் அடியோடு ஒழிந்துவிட்டதென்றும், மயிலாப்பூர் முதல் திருவான்மியூர் வரை உள்ள எல்லா மில்களும் இதே முறையில் சீர்திருத்தப்படும் என்றும், ஹபீபுர் ரஹ்மான் மற்றவர்களுக்கு முன்மாதிரி என்றும் அதில் எழுதியிருந்தது.

ஹபீபுர் ரஹ்மான் அதை இரண்டு தடவை படித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு அடங்கிவிட்டது. ஒன்பது நாளாக அடுப்பு எரியாத வீட்டுக்காரருக்குக் கத்துவதற்கும் தெம்பு வேண்டும் அல்லவா?

சுப்பராமன் குரலைத் தாழ்த்தினார். "அது இருக்கட்டும். ஆத்துலே ஒரு வாரமா வெறும் கோதுமைதான். குழந்தைகளாலே மெல்ல முடியலை. இந்த ஒரு டின்னை மட்டும் கொஞ்சம் அரைச்சுக் கொடுமேன்."

ஹபீபுர் ரஹ்மான் அவரை நிமிர்ந்து பார்த்தார். டின்னை எடுத்துக் கோதுமையைத் தகரப் புனலில் கொட்டினார். நற்சான்றுப் பத்திரத்தைச் சுவிட்சுக்கு மேலே ஆணியில் மாட்டினார். காலி டின்னைச் சுப்பராமனின் இரண்டு கையிலும் கொடுத்து, மாவு விழும் வாய்க்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார். சுவிட்சை மேலே தள்ளினார்.

"எவ்வளவு நேரம் ஆகும் பாய்?"

"கணக்கு சரியா கீதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? மாவு வரும். பிடிச்சுக்கினு நில்லுங்க."

ஹபீபுர் ரஹ்மான் சில்லென்று கிடந்த மோட்டாரின் மேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். சுப்பராமன் குனிந்து, டின்னை ஆடாமல் அசையாமல் பிடித்தபடி மாவுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.